அலிப்பூரின் ஐந்திலக்கச் செய்தி



நம் நாட்டுத் தந்தி நிலையங்களில் வாழ்த்துத் தந்தி என்று ஒரு வகை இருந்ததை உங்களிற் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அதற்கு வாசகம் முழுவதையும் எழுத வேண்டுவதில்லை. அச்சிட்ட பட்டியலைப் பார்த்து, ஓர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தாற் போதும். 1 என்றால் தீபாவளி வாழ்த்து. 8 என்றால் நீண்ட, இனிய மணவாழ்வுக்கு வாழ்த்து. 16 என்றால் இளந்தம்பதியர்மீது விண்ணின் நல்லருள் பொழிக என்னும் ஆசி. கம்பி வழியே சென்றது எண் ஒன்றுதான். வாசகம் பிறந்ததோ மறுமுனையில். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தும் நம்மவர்க்குப் பதினாறாம் எண்ணே மணவாழ்த்தாக அமைந்தது ஒரு நல்ல தற்செயல்.

என் தமக்கையின் திருமணத்துக்குக் கல்கத்தாவிலிருந்த எங்கள் தாய்மாமன் இத்தகைய தந்தி ஒன்றை அனுப்பினார். பந்தலில் அதைப் பிரித்துப் படித்தால், தேர்வில் வெற்றி பெற்றமைக்கு மனமார்ந்த வாழ்த்து என்றிருந்தது! மாமன் எழுதிய 16இல் ஆறின் தலை வளைந்து, சுழியம்போல் தோன்றிவிட்டது என்பது பின்னர்த் தெரிந்தது. பத்தாம் எண் தேர்வு வெற்றிக்குரியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் கேட்ட கேள்விகளும் ஒரு தேர்வுதானே!" என்று கூறிச் சிரித்தார். அனைவரும் சிரித்தனர், அத்துடன் அது முடிந்தது.

அந்தத் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அது கற்பித்த முறை மறையவில்லை. முன்கூட்டி உடன்பாடு செய்துகொண்ட ஒரு சிறு குறி செல்லும். அது சென்று சேர்ந்ததும், அதற்கென வகுத்த காரியம் மறுமுனையில் தானே நடக்கும். இதனைச் சங்கேதச் செய்தி எனலாம். அன்று மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். இன்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திருமணத்துக்கு வந்த செய்தி தவறினால் நகைப்புக்கு இடமாகும். புயலைப் பற்றிய செய்தி தவறினால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை காண, கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள அலிப்பூருக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அலிப்பூர் என்றதும் மிருகக்காட்சிசாலையும், பெல்வடேர் வளாகத்துத் தேசிய நூலகமும் நம் நினைவுக்கு வரும். அவற்றுக்கு அண்மையில் டூயல் அவென்யூ என்றொரு சாலை இருக்கிறது. 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும், அவருடைய ஆலோசனைச் சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிசும் துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்ற நிகழ்ச்சியை நினைவூட்டும் பெயர் அது. இப்போது அச்சாலையில் இந்திய வானிலைத் துறையின் மண்டல நிலையம் அமைந்துள்ளது. மேற்கு வங்காளத்துக்கும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கும் உரிய புயல் எச்சரிக்கை மையமும் இதுவே.

இந்நகரத்துக்கும் புயலுக்கும் உள்ள தொடர்பு பழையது, துயரமானதுங்கூட. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வீசிய கடும்புயலில் ஹூக்ளி ஆற்றில் கடல்நீர் ஏறிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் சிதைந்தன. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தோன்றியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமையகம் கல்கத்தாவிலேயே அமைந்தது. புயலை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் புயலைவிட விரைவாக ஒரு செய்தியை அனுப்ப முடியும். இந்த எண்ணமே அத்துறையின் அடிப்படை. 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கிற்று. நாட்டின் முதல் தந்திப் பாதை அது. ஆதலால் விரைந்து செல்லும் வழியும் கைவசம் இருந்தது.

ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் பணம். எழுத்துக்கு எழுத்துக் காலம். அன்றியும், வானிலைக்கு நாட்டெல்லை இல்லை. வங்காளத்தில் எழுதியதை ஜப்பானியரும், ரஷ்யரும், எகிப்தியரும் உடனே அறிய வேண்டும். எந்த மொழியில் எழுதுவது? இதற்கு உலக வானிலையாளர் கண்ட வழி, எல்லாவற்றையும் இலக்கங்களாக்கி, ஐந்தைந்தாகக் கட்டி அனுப்புவது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத இந்த மொழியின்மீது வியப்பும், சற்றே பொறாமையும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அலிப்பூரில் வைகாசி மாதத்து மாலை வேளை. கால்பைசாகி என்று வங்காளிகள் கூறும் கோடை இடிமழை தொடங்கியிருக்கிறது. கண்காணிப்பாளர் கருவிகளைப் பார்த்து எழுதும் செய்தியில் ஏ, ஏ, எக்ஸ், எக்ஸ் என்னும் நான்கு எழுத்துகள் முதலில் வரும். தரைமீதுள்ள நிலையத்தின் செய்தி என்பது அவற்றின் பொருள். கப்பலிலிருந்து வருவதாயின் பி, பி, எக்ஸ், எக்ஸ் என்றிருக்கும். அடுத்து 14124 என்று வந்தால், 14ஆம் தேதி, உலகப் பொதுநேரம் 12 மணி, காற்று கருவியால் அளக்கப்பட்டது, அளவு நாட் என்னும் கடல் மைல் கணக்கில் என்று பொருள். நம் கடிகாரத்தில் அது மாலை 5.30.

அதன்பின் 42807. இஃது அலிப்பூரின் பெயர். உலகில் வேறெந்த ஊருக்கும் இந்த எண் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தின் எண் 43278. மீனம்பாக்கத்தின் எண் 43279. 42 என்பது நாட்டின் வடபகுதி நிலையங்களுக்கும், 43 தென்பகுதி நிலையங்களுக்கும் உரிய தொடக்கம். நாம் விட்டுவந்த ஊரும், வந்து சேர்ந்த ஊரும் அந்தப் பட்டியலில் இவ்வளவு அருகில் நிற்கின்றன!

இடையில் வரும் சிலவற்றை விட்டு மேலே செல்வோம். 72318 என்பதில் முதல் இலக்கம் வானத்தின் எட்டுப் பங்கில் ஏழு பங்கை மேகம் மூடியிருப்பதைச் சொல்கிறது. 23 காற்று வரும் திசை, அதாவது 230 பாகை; 18 அதன் வேகம். 10305 என்றால் வெப்பநிலை 30.5 பாகை. முதலிலுள்ள 1, வெப்பநிலை வருகிறது என்பதற்கு அடையாளம். அடுத்த சுழியம், உறைநிலைக்கு மேலே என்பதற்கு அடையாளம். 40052 என்றால் காற்றழுத்தம் 1005.2 எக்டோபாஸ்கல். பின்னர் 7 என்று தொடங்கும் ஒரு தொகுதியில் 95 என்னும் இரண்டு இலக்கங்கள் வரும். இடியுடன் மழை என்பது பொருள். சாலையோரத்து மரங்களைச் சுழற்றி, சாளரக் கதவுகளை அறைந்து, ஊரையே இருட்டாக்கிய அந்தப் பெருங்காட்சி, இரண்டே இலக்கங்களில் அடங்கிவிடுகிறது.

இச்செய்தி எழுதி முடிந்ததும் என்னாகிறது? முற்காலத்தில் அது தொலையச்சு யந்திரத்தில் துளையிட்ட காகித நாடாவாக வெளிவரும். ஊழியர் அதைக் கிழித்தெடுத்து, தலைப்பைப் படித்து, உரிய கம்பிக்குரிய யந்திரத்தில் மீண்டும் செலுத்துவார். இன்று அவ்வேலையைத் தானியங்கிச் செய்தி மாற்று ஏற்பாடு செய்கிறது. கொல்கத்தா, சென்னை, மும்பை, டில்லி போன்ற இடங்களில் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. பல நிலையங்களின் செய்திகளைச் சேர்த்த தொகுப்பின் தலையில் எஸ், எம், ஐ, என் என்றும், அதன்பின் ஓர் எண்ணும், அனுப்பும் மையத்தின் நான்கெழுத்துப் பெயரும் இருக்கும். எஸ் என்றால் தரைமட்ட அளவீடு. எம் என்றால் முதன்மை நேரத்தது. ஐ, என் என்றால் இந்தியாவினது. மென்பொருள் உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை. தலைப்பைத் தன் வழிப்பட்டியலுடன் ஒப்பிட்டு, இது யார் யாருக்கு உரியதோ அவர்களுக்கெல்லாம் தானே அனுப்பிவிடுகிறது. டில்லி சென்றது டோக்கியோ, மாஸ்கோ, கெய்ரோ போன்ற மையங்களைக் கொண்ட உலக வலைக்குள் நுழைகிறது. தலைப்பின் முதல் எழுத்து டபிள்யூ என்றிருந்தால் அது எச்சரிக்கை. ஏனைய செய்திகள் வழிவிட, அது முந்திச் செல்லும்.

கேள்வி கேட்கும் சங்கேதமும் உண்டு. விமான நிலைய வானிலை விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தரவு வங்கிகள் ஆசிய வட்டாரத்தில் சில உள்ளன. அவற்றுக்கு ஆர், க்யூ, எம் என்று எழுதி, ஒரு சாய்கோடு இட்டு, எஸ், ஏ, வி, இ, சி, சி என்று தொடர்ந்து, சமக்குறியால் முடித்து அனுப்பினால், கொல்கத்தா விமான நிலையத்தின் வானிலை அறிக்கை மறுமொழியாக வரும். இறுதி நான்கெழுத்தை வி, ஓ, எம், எம் என்று மாற்றினால் சென்னையின் அறிக்கை வரும். அங்கே எந்த எழுத்தரும் உட்கார்ந்து விடை எழுதுவதில்லை. கேள்வியின் வடிவமே கட்டளையாகிறது. சாய்கோட்டையோ சமக்குறியையோ விட்டுவிட்டால், கேள்வி அமைந்த முறை சரியில்லை என்றுதான் யந்திரம் கூறும். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று ஊகிக்க முயலாது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யந்திரம் உடன்பாட்டை நிறைவேற்றுமேயன்றிப் பொருளை உணராது. மேற்கூறிய 10305 என்பதில் சுழியத்துக்குப் பதில் 1 விழுந்து 11305 ஆகிவிட்டால், அலிப்பூர் உறைநிலைக்குக் கீழே 30.5 பாகையில் நடுங்குவதாகப் பொருள். வழியனுப்பும் மென்பொருள் அதையும் அதே பணிவுடன் டோக்கியோவரை கொண்டு சேர்க்கும். ஆதலால் சங்கேதத்தை வகுத்தோர் இரண்டு காவல்களை வைத்தனர். ஒன்று, பெறும் மையத்தில் அளவுக்குப் பொருந்தாத எண்ணைத் தனியே பிரித்து நிறுத்தும் சோதனை. மற்றொன்று, திருத்தத்துக்கென்றே ஒரு சங்கேதம். சி, சி, ஏ என்னும் மூன்று எழுத்துகள் தலைப்பின் இறுதியில் இருந்தால், முன்னே வந்ததைத் தள்ளிவிட்டு இதைக் கொள்க என்பது பொருள். தவறு நேரும் என்பதை ஒப்புக்கொண்டு, அதை மீட்கும் சொல்லையும் முன்னதாகவே படைத்து வைத்தது அவர்களுடைய விவேகம்.

இந்த விவேகம் இல்லாவிடின் நேர்வது யாது என்பதை 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகள் கண்டன. பயிற்சிக்காக வந்த செய்தியை மெய்யென்று கொண்ட ஊழியர் ஒருவர், மெய்யான எச்சரிக்கைக்குரிய தேர்வை அழுத்திவிட்டார். ஏவுகணை வருகிறது, உடனே புகலிடம் தேடுக என்னும் செய்தி தீவுகளெங்கும் கைப்பேசிகளில் ஒலித்தது. அது பொய்யெச்சரிக்கை என்னும் மறுசெய்தி கைப்பேசிகளுக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. எச்சரிக்கையை எழுப்ப ஆயத்தமாக ஒரு வாசகம் இருந்தது. அதை மீட்க ஆயத்தமாக ஒரு வாசகம் இல்லை. அந்த 38 நிமிடத்தில் அங்கிருந்த தாய்மார் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

நம் துறைமுகங்களிலும் ஒரு பழைய சங்கேதம் இருக்கிறது. மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது என்று நாளிதழில் படிக்கிறோம். 1, 2 ஆகியவை தொலைவிலுள்ள புயலைக் குறிப்பன; 3, 4 துறைமுகத்துக்கான முன்னெச்சரிக்கை; 5 முதல் 7 வரை அபாயம்; 8 முதல் 10 வரை பேரபாயம். இவற்றுக்குப் பின் 11 என்று ஒன்று உண்டு. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். செய்தி வராமற்போவதும் ஒரு செய்தியே என்று எண்ணிய அந்த முன்னோர் நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.

இனி இவை யாவும் நம் கைக்கு எவ்வாறு வருகின்றன என்று பார்ப்போம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் என்னும் ஏற்பாடு, பொது எச்சரிக்கை நெறி என்ற உலக முறைப்படி இயங்குகிறது. அதில் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் உண்டு. இது மெய்யா, பயிற்சியா, சோதனையா? புதியதா, திருத்தமா, நீக்கமா? எவ்வளவு அவசரம்? எவ்வளவு கடுமை? எந்த எல்லைக்குள்? இக்கட்டங்களில் உள்ள குறிகளைப் படித்துத்தான், அந்த எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகளுக்கு ஏற்பாடு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. 2023ஆம் ஆண்டில் நாட்டின் பல இடங்களில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் பேரொலி எழுப்பிப் பலரைத் திடுக்கிட வைத்தனவே, அது இத்தகைய முறை ஒன்றின் சோதனை. சோதனைச் செய்தி என்று அதிலேயே எழுதியிருந்தது, படித்தவர் அமைதியுற்றனர்.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை, நம் கைப்பேசி எண் எந்த ஊரில் வாங்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. நாம் இப்போது எங்கே நிற்கிறோம் என்றே பார்க்கிறது. கும்பகோணத்தில் வாங்கிய எண்ணும் கொல்கத்தாவில் இருந்தால் கொல்கத்தாவின் எச்சரிக்கையைப் பெறும். அது பெரும்பாலும் அவ்வூர் மொழியில் இருக்கும். நாகப்பட்டினத்துக்கு வரும் எச்சரிக்கை, அங்கே வாழும் நம் பெற்றோருக்குச் செல்லுமேயன்றி நமக்கு வாராது.

2024ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இரவு ரெமல் புயல் வங்கக் கரையைக் கடந்தது. அதற்கு முன்னாள் மாலை, எங்கள் பக்கத்து வீட்டு மாமி கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. சந்தையில் வங்காளி பேசினால் எவரும் அயலார் என்று சொல்லமாட்டார். ஆனால் அவருக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. "இதப் பாருப்பா, பாங்கிலேர்ந்து ஏதோ வந்திருக்கு. அழிச்சுடட்டுமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். புயல் எச்சரிக்கை. படித்துச் சொன்னதும், மாடியில் அடுக்கியிருந்த பூந்தொட்டிகளையும் தகரப் பலகையையும் அன்றிரவே இறக்கி வைத்தோம். தகரப் பலகை காற்றில் பறந்து எவர்மீது விழுந்திருக்குமோ, யாரறிவார்?

எண்ணிப் பாருங்கள். கருவி பிழையின்றி அளந்தது. ஐந்திலக்கங்கள் பிழையின்றிச் சென்றன. மென்பொருள் ஒரு நொடியும் தாழ்த்தவில்லை. இவ்வளவும் நடந்தபின், கடைசி ஒரு முழத் தொலைவில், ஒரு மூதாட்டியின் கண்ணுக்கும் மனத்துக்கும் இடையில், செய்தி நின்றுவிடப் பார்த்தது. தந்திக் காலத்தில் எண்ணை வாசகமாக்க மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார் என்று முதலிற் சொன்னேன். அந்த மனிதர் இன்றும் தேவைப்படுகிறார். அவர் வேறு யாருமல்லர். அண்டை வீட்டில் இருக்கும் நாம்தாம்.

ஆகவே மூன்று சொற்கள். வானிலைத் துறையின் நிறக்குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்: பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் செயற்படுங்கள். எந்த மொழியில் வந்தாலும் நிறத்துக்கு ஒரே பொருள். அடுத்து, வந்தது மெய்யா சோதனையா, நீக்கமா என்பதைப் படித்தறிந்த பின்னரே பிறருக்கு அனுப்புங்கள். யந்திரத்தைப்போல் தலைப்பை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். மூன்றாவதாக, நீங்கள் வாழும் ஊரின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றவர், கல்லாத அண்டை வீட்டாருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

நாள்தோறும் மாலை 5.30க்கு, 42807 என்று அலிப்பூர் தன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறது. 43278 என்று நுங்கம்பாக்கமும் அதே நேரத்தில் தன் பெயரைச் சொல்கிறது. அவ்விரண்டும் உலகைச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கொண்டு சேர்ப்பது யந்திரத்தின் கடமை. அவற்றின் பொருளை ஒரு மனிதரிடம் சேர்ப்பது நம் கடமை.